எழும்பாத ஒரு மைல்

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், சிகாகோ நகருக்காக 1956-ல் ஒரு மைல் உயரக் கட்டடம் ஒன்றை வரைந்தார். ‘தி இல்லினாய்’ என்று பெயர். அது கட்டப்படவே இல்லை. சென்ற இதழில் அதன் படத்தை ஒரு சிறு குறிப்போடு வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு வந்த கேள்விகளில், கணக்குப் போட்டுப் பதில் சொல்லக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கே: உண்மையிலேயே கட்டுவதற்காக வரைந்ததா, விளம்பரத்துக்காகவா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகி)

ப: கட்ட முடியும் என்று ரைட் மனதார நம்பினார். 1956 அக்டோபர் 16 அன்று சிகாகோவின் ஷெர்மன் ஹவுஸ் ஓட்டலில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, இருபது அடிக்கும் மேல் உயரமான ஒரு படத்தை நிறுத்திக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 89. அன்றைக்கு உலகிலேயே உயரமான கட்டடம் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட். 102 மாடி, 381 மீட்டர். ரைட் சொன்னது 528 மாடி, 5,280 அடி, அதாவது 1,609 மீட்டர். நான்கு மடங்குக்கும் அதிகம். மொத்தத் தளப்பரப்பு சுமார் 1 கோடியே 84 லட்சம் சதுர அடி, வந்து போவோர் ஒரு லட்சம் பேர், 15,000 கார்களுக்கும் 150 ஹெலிகாப்டர்களுக்கும் இடம்.

பணம் போட ஆள் இல்லை. கட்டுமானத்துக்கு வேண்டிய வேலை வரைபடங்களும் வரையப்படவில்லை. 1959 ஏப்ரலில் ரைட் காலமானார்.

5,280 அடியை 528-ஆல் வகுத்துப் பாருங்கள். மாடிக்குச் சரியாகப் பத்து அடி வருகிறது. ஒரு மைல் என்ற எண்ணை முதலில் வைத்துக்கொண்டு மாடிக் கணக்கை அதற்குப் பொருத்தியிருக்கிறார் என்பது இதிலேயே தெரிகிறது. அலுவலகக் கட்டடத்தில் ஸ்லாப் கனம், உத்தரம், ஏ.சி. குழாய், தீயணைப்புக் குழாய், பொய்க்கூரை எல்லாம் போக ஆள் நிற்க எட்டரை, ஒன்பது அடி வேண்டும். தளத்துக்குத் தளம் 13 அடி வைப்பதுதான் வழக்கம். அப்படி வைத்தால் அதே உயரத்தில் சுமார் 400 மாடிதான் தேறும்.

கே: ‘ஆணிவேர் அஸ்திவாரம்’ என்று எழுதியிருந்தீர்கள். ராஃப்ட் (அகலமான பலகைபோன்ற அஸ்திவாரம்), பைல் (மண்ணுக்குள் இறக்கும் தூண்) தெரியும். இது என்ன? சிகாகோ மண்ணுக்கு ஒத்துவருமா? (சேலத்திலிருந்து சிவில் மாணவர் ஒருவர்)

ப: மரத்துக்கு ஆணிவேர் இறங்குவது போல, கட்டடத்தின் நடுத்தண்டையே தரைக்குள் ஆழமாக இறக்கிவிடுவது. தளங்கள் எல்லாம் அந்தத் தண்டிலிருந்து கிளைபோல வெளியே நீளும் கேண்டிலீவர் ஸ்லாப்கள். தண்டின் பக்கம் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். ஓரத்தில் தூண் கிடையாது. ரைட் இதைக் காகிதத்தில் மட்டும் போட்டுப் பார்க்கவில்லை. விஸ்கான்சின் மாநிலம் ரசீன் நகரில் ஜான்சன் வாக்ஸ் ஆய்வுக் கோபுரத்தை 1950-லும், ஓக்லஹோமாவின் பார்ட்டில்ஸ்வில்லில் 19 மாடி பிரைஸ் டவரை 1956-லும் இந்த முறையில் கட்டி முடித்தார். இரண்டும் இன்றும் நிற்கின்றன.

153 அடி, 221 அடி உயரமுள்ள அந்த இரு கோபுரங்களில் சரியாக நின்றது 5,280 அடியில் ஏன் நிற்காது என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். ஆணிவேர் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். காற்று மேலே தள்ளும்போது வேர் மண்ணுக்குள் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். பக்கவாட்டு மண் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மண் இறுகியிருந்தால் பிடிக்கும். சிகாகோ நகர மையத்தில் மேலே இருப்பது மென்களிமண். நம்பிக்கையான சுண்ணாம்புப் பாறை சுமார் 100 அடிக்குக் கீழேதான் கிடைக்கும். அங்குள்ள பெரிய கட்டடங்கள் எல்லாம் களிமண்ணைத் துளைத்துப் பாறைவரை ‘கேசான்’ எனப்படும் கான்கிரீட் தூண்களை இறக்கி நிற்பவை. அன்று சியர்ஸ் டவர் எனப்பட்ட வில்லிஸ் டவருக்கு இப்படி 114 கேசான்கள் பாறைவரை போயிருக்கின்றன.

ஒற்றைத் தடிவேருக்குப் பள்ளம் எடுப்பதும் எளிதல்ல. மென்களிமண்ணில் ஆழமாக வெட்டினால் அடிமட்டம் பொங்கி மேலே எழும். சுற்றியுள்ள மண் உள்ளே நகரும், பக்கத்துக் கட்டடங்கள் இறங்கும். வட்டமான தடுப்புச் சுவர் கட்டி, உள்ளே தோண்டத் தோண்ட வளையம் கொடுத்து இறங்க வேண்டும். முடிந்தாலும், அவ்வளவு கான்கிரீட்டையும் பலநூறு கேசான்களாக அகலமாகப் பரப்பி வைப்பதே கவிழாமல் காக்கும். கவிழ்வதைத் தடுப்பதில் ஆழத்தைவிட அகலத்துக்குப் பலன் அதிகம்.

கே: அந்தக் காலத்துக் கான்கிரீட் தன் எடையையே தாங்கியிருக்குமா? (காரைக்குடியிலிருந்து ஒரு கட்டட ஒப்பந்ததாரர்)

ப: அருமையான கேள்வி. எளிய கணக்கிலேயே பதில் கிடைக்கும்.

ஒரு கனமீட்டர் கான்கிரீட் 2.4 டன். ஆக, ஒரு மீட்டர் உயரத் தூண் தன் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 0.24 கிலோ அழுத்தம் தரும். 1950-களில் கட்டடங்களில் பயன்பட்ட நல்ல கான்கிரீட்டின் நொறுங்கும் வலிமையைச் சதுர சென்டிமீட்டருக்கு 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நம்மூர்க் கணக்கில் எம்30. 300-ஐ 0.24-ஆல் வகுத்தால் 1,250 மீட்டர். மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனான தூண், தலையில் ஒரு கிலோ சுமைகூட இல்லாமல், 1,250 மீட்டரிலேயே தன் எடையில் நொறுங்கிவிடும். மைல் எட்டவில்லை.

ரைட் ஒரே பருமனாக வரையவில்லை. ஊசிபோல மேலே கூர்ந்துபோகிறது. கூம்பு வடிவில் அடி அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 0.24 × 1,609 ÷ 3 = சுமார் 129 கிலோ. இது நடுத்தண்டுச் சுவரின் சொந்த எடை மட்டும். சுவர் தளப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு இருப்பதாகக் கொண்டால், பத்தடி மாடி ஒன்றில் சதுர மீட்டர் தளத்துக்குச் சுவரால் வரும் எடை முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவு; ஸ்லாப், தரை, தடுப்புச் சுவர், ஆட்கள், மேசை நாற்காலி எல்லாம் சேர்ந்து இன்னொரு 0.9 டன். அழுத்தம் இரண்டே கால் மடங்காகி 290 கிலோவைத் தொடும். நொறுங்கும் வலிமையே 300. பாதுகாப்புக்கு இடமே இல்லை. அதற்குமேல் காற்றால் ஒரு பக்கச் சுவரில் கூடும் அழுத்தம் வேறு இருக்கிறது.

எம்80 வகைக் கான்கிரீட்டில் இதே கணக்குத் தாராளமாகத் தேறும். புர்ஜ் கலீஃபாவின் கீழ்ப்பகுதிச் சுவர்களில் அந்த வலிமைதான் இருக்கிறது. 1956-ல் அது கிடையாது. உருக்கை நிறையச் சேர்த்து எடைப் பிரச்சினையைச் சமாளித்திருக்கலாம். ரைட்டும் உருக்கை இழுவிசையில் வேலை வாங்கத்தான் எண்ணினார். ஆனால் உருக்கு எவ்வளவு வலுவானதாக வந்தாலும் அதன் விறைப்பு ஏறுவதில்லை. இருமடங்கு வலிமையுள்ள கம்பியும் அதே இழுப்புக்கு அதே அளவுதான் நீளும். வலிமை கூடினால் கட்டடம் உடையாது, ஆனால் ஆடுவது குறையாது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கே: சிகாகோவைக் ‘காற்று நகரம்’ என்பார்கள். அங்கே இப்படி ஒரு ஊசியை நட்டால் எவ்வளவு ஆடும்? (நாகப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர்)

ப: இரண்டு வகை ஆட்டத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, காற்று தள்ளும் பக்கமே சாய்வது. கவிழ்க்கும் விசை உயரத்தின் வர்க்கத்தில் ஏறும். எம்பயர் ஸ்டேட்டைப் போல 4.2 மடங்கு உயரம் என்றால், அதே அகலத்துக்கும் அதே காற்றுக்கும், அடியில் 18 மடங்கு. மேலே போகப் போகக் காற்றின் வேகமும் கூடும் என்பதால் உண்மையில் அதற்கும் அதிகம். இங்கே ரைட்டின் கூர்ந்த வடிவம் கைகொடுக்கிறது: செவ்வக முகப்பு வாங்கும் விசையில் மூன்றில் ஒரு பங்குதான் முக்கோண முகப்பின் அடிக்கு வரும். தரையில் முக்காலிபோல மூன்று பக்கம் கால் பரப்பியதும் சரியான முடிவு.

குறை எங்கே என்றால், முழு விசையையும் நடுத்தண்டே வாங்க வேண்டும். வெளிச்சுவர் சும்மா தொங்குகிறது. வளைவை எதிர்க்கும் பொருள் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, பலன் அந்தத் தூரத்தின் வர்க்கத்தில் கூடும். ஓரத்தில் தூணே இல்லாத கட்டடம் தன் முழு அகலத்தையும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. டாக்காவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1960-களில் இதை நேர் தலைகீழாக்கினார். பாரத்தையும் காற்றையும் வெளிச்சுவருக்குக் கொண்டுபோய், கட்டடம் முழுவதையும் ஒரு குழாய் ஆக்கினார். 1969-ல் முடிந்த 100 மாடி ஜான் ஹான்காக் சென்டரின் முகப்பில் தெரியும் பெரிய பெருக்கல் குறிகள் அந்தச் சிந்தனைதான்.

இரண்டாவது வகைதான் ஆபத்து. காற்று கட்டடத்தின் இரு பக்கமும் பிரிந்து போகும்போது, பின்னால் சுழல்கள் இடமும் வலமும் மாறி மாறிக் கழன்று போகும். ஒவ்வொரு சுழலும் கட்டடத்தைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, அந்தத் தட்டும் கட்டடத்தின் இயல்பான ஆட்ட நேரமும் ஒத்துவிட்டால் ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். எந்த வேகத்தில் ஒத்துப்போகும் என்பதற்குச் சூத்திரம் உண்டு: கட்டட அகலத்தை, ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நொடிகளாலும் வடிவத்துக்கான எண்ணாலும் வகுக்க வேண்டும். சதுர வடிவுக்கு அந்த எண் ஏறத்தாழ 0.12.

அகலம் 60 மீட்டர் என்று எடுப்போம். ஓர் ஆட்டத்துக்கு 12 நொடி ஆகும் கட்டடத்துக்கு ஆபத்தான வேகம் நொடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கி.மீ. அது அபூர்வப் புயல். அதே அகலத்தில் 25 நொடி எடுத்து மெதுவாக ஆடும் மைல் கோபுரத்துக்கு மணிக்கு 72 கி.மீ. போதும். ஒரு மைல் உயரத்தில் அது அடிக்கடி வீசும் காற்று. உயரம் கூடக்கூடக் கட்டடத்துக்கு எதிரி பெரும்புயலிலிருந்து அன்றாடக் காற்றாக மாறிவிடுகிறது.

இதற்கு மருந்து, அகலத்தை உயரத்துக்கு உயரம் மாற்றிவிடுவது. அப்போது ஒவ்வொரு மட்டத்திலும் சுழல் வேறு வேறு தாளத்தில் கழலும்; எல்லாம் ஒன்றுசேர்ந்து தட்ட முடியாது. ரைட்டின் கூர்முனை வடிவத்தில் இந்த மருந்து தானாகவே இருக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம். ஏனென்றால், தரைக்காற்றின் கொந்தளிப்போடு மாதிரியைச் சோதிக்கும் நீண்ட காற்றுச் சுரங்கம், கனடாவில் ஆலன் டேவன்போர்ட் அமைத்தது, 1965-ல்தான் வந்தது. 1956-ல் சோதித்துச் சொல்ல வழியே இல்லை.

அந்தரத்தில் ஆடுவது கட்டடத்துக்குத் தீங்கில்லாமல் இருக்கலாம், உள்ளே இருப்பவருக்கு வாந்தி வரும். தாய்பெய் 101-ல் 660 டன் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருப்பது இந்த அசைவை அடக்கத்தான்.

கே: கோலாரில் 3 கி.மீ.க்கும் மேல் ஆழத்துக்குக் கூண்டில் இறங்கி வேலை பார்த்தோம். மேலே 1.6 கி.மீ. ஏறுவதில் என்ன பெரிய சிக்கல்? (கோலார் தங்கவயலிலிருந்து ஓய்வுபெற்ற தொழிலாளி)

ப: ஐயா, இந்தத் திட்டத்தின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டீர்கள். எங்கள் கணிப்பில் இந்தக் கட்டடம் காற்றிலோ எடையிலோ தோற்பதற்கு முன்பே லிப்டில் தோற்றுவிடும்.

கோலாரிலும் கடைசி ஆழம்வரை ஒரே கூண்டில் போவதில்லை, பாதியில் இறங்கி நிலத்தடியில் இன்னொரு கூண்டுக்கு மாற வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஒரே இழுப்பில் 2 கி.மீ.க்கும் மேல் இறக்குகிறார்கள். அது முடிவதற்குக் காரணங்கள் உண்டு. பெரிய உருளையில் வடத்தைச் சுற்றும் வைண்டர் மேலே தனிக் கட்டடத்தில் இருக்கிறது. நிறுத்தங்கள் சில. ஆட்கள் ஷிப்டுக்கு ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறுகிறார்கள். அலுவலகக் கட்டடத்தில் காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில், வெவ்வேறு மாடிக்கு, அரை நிமிடம்கூடக் காத்திருக்காமல் போக வேண்டும்.

முதலில் வடம். 19 மில்லிமீட்டர் உருக்கு வடம் மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. ஒரு லிப்டுக்கு எட்டு வடம், 1,600 மீட்டர் என்றால் 16 டன். இருபது பேரின் எடை ஒன்றரை டன்கூட இல்லை. வடம் தன்னைத் தூக்குவதிலேயே வலிமையைச் செலவழித்துவிடும். அதனால்தான் கட்டட லிப்டுகளில் உருக்கு வடத்தில் ஒரே இழுப்பு சுமார் 500 மீட்டரோடு நின்றுபோகிறது. 2013-ல் கோனே நிறுவனம் அறிவித்த கார்பன் இழை வடம் 1,000 மீட்டர்வரை போகும் என்கிறார்கள். அப்போதும் மைலுக்கு இடையில் ஒருமுறை இறங்கி மாற வேண்டும். போதாக்குறைக்கு, நீளமான வடம் கட்டடத்தின் ஆட்டத்தோடு ஒத்து ஊசலாடத் தொடங்கினால் குழிச் சுவரில் மோதும், கம்பிகளில் மாட்டிக்கொள்ளும். பலத்த காற்றில் உயரக் கட்டடங்களின் லிப்டை வேகம் குறைத்து ஓட்டுவதும் நிறுத்துவதும் இதனால்தான்.

அடுத்தது கூட்டம். ரைட் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கூண்டு கோத்த லிப்டுகளை ஐம்பதுக்கும் மேல் வைத்தார். கோபுரம் மேலே குறுகும்போது சில லிப்ட் குழிகள் சரிவான முகப்பைத் துளைத்து வெளியே துருத்தி நிற்கும்படி வரைந்தார். ஐந்தடுக்கில் கூண்டுக்கு 20 பேர் என்றால் ஒரு நடைக்கு 100 பேர். அலுவலகக் கட்டடத்தில் காலை நெரிசலின் ஐந்து நிமிடத்தில் மொத்த ஆட்களில் 12 விழுக்காட்டினரை ஏற்றிவிட வேண்டும் என்பது வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் அளவு. ஒரு லட்சத்தில் 12,000 பேர். ஐந்து நிமிடத்தில் 120 நடை. மேலே போய், பத்து இடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடி நிரம்ப ஐந்து நிமிடம் என்று வையுங்கள். 120 லிப்ட் வேண்டும், அதுவும் ஐந்தடுக்கு லிப்ட். குழி, முன்கூடம் சேர்த்து லிப்டுக்கு 160 சதுர அடி என்றாலும் 19,000 சதுர அடி. இந்தக் கட்டடத்தின் சராசரி மாடியே 35,000 சதுர அடிதான்.

இதைக் குறைக்க, பின்னாளில் ஜான் ஹான்காக்கிலும் உலக வர்த்தக மையத்திலும் ‘ஸ்கை லாபி’ வைத்தார்கள். பாதி வழியில் ஒரு சந்திப்பு மாடி. விரைவு லிப்டில் அங்கே போய், உள்ளூர் லிப்டுக்கு மாறுவது. ஒரே குழியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல உள்ளூர் லிப்டுகள் ஓடும். மைல் கோபுரத்துக்கு அப்படி நான்கைந்து சந்திப்புகள் தேவைப்படும்.

ஐந்து கூண்டும் ஒரே சட்டத்தில் இருப்பதால் இன்னொரு தொல்லை. ஒரு கூண்டில் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் மற்ற நான்கும் காத்திருக்கும். எல்லா மாடியும் துல்லியமாக ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும். கான்கிரீட் கட்டடம் வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே வரும் என்பதை மறக்கக் கூடாது.

கே: அந்த லிப்டுகள் அணுசக்தியில் ஓடும் என்று படித்தேன். எப்படி? (மதுரையிலிருந்து ஒரு மாணவி)

ப: ரைட் அப்படித்தான் சொன்னார், எப்படி என்று விவரித்து எந்த வரைபடமும் தரவில்லை. காலத்தை நினைவில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி நாட்டிலஸ் 1954-ல் நீரில் இறங்கியது. ரைட் படத்தைக் காட்டியதற்கு மறுநாள், 1956 அக்டோபர் 17 அன்று, இங்கிலாந்தில் கால்டர் ஹால் அணுமின் நிலையத்தை அரசி திறந்துவைத்தார். எல்லாவற்றுக்கும் அணு வந்துவிடும் என்று உலகமே நம்பிய ஆண்டு அது. உண்மையில் லிப்டுக்கு அணு தேவையே இல்லை. எடை சமன் செய்த லிப்ட் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும்.

மணிக்கு 60 மைல் வேகம், அதாவது நொடிக்கு 27 மீட்டர், வேண்டும் என்றார். இன்று சீனாவில் நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டிவிட்டார்கள். வேகத்தைவிடக் காதுதான் பிரச்சினை. ஒரு மைல் ஏறினால் காற்றழுத்தம் 17, 18 விழுக்காடு குறையும். மலைப்பாதையில் பஸ் ஒன்றரை மணி நேரத்தில் தரும் காது அடைப்பை ஒன்றரை நிமிடத்தில் தந்தால் வலிக்கும். இறங்குவது ஏறுவதைவிட மோசம். தாய்பெய் 101-ல் நொடிக்கு 16.8 மீட்டர் வேகத்தில் ஏற்றிவிட்டு, 10 மீட்டரில் இறக்குகிறார்கள்.

கே: குளிர்காலத்தில் எங்கள் அடுக்குமாடியில் லிப்ட் கதவு ஊளையிடுகிறது, வாசல் கதவைத் திறக்கப் பலம் வேண்டியிருக்கிறது. சிகாகோவில் ஒரு மைலுக்கு? (டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்)

ப: உங்கள் கட்டடம் ஒரு புகைபோக்கியாகச் செயல்படுகிறது. உள்ளே இருக்கும் சூடான காற்று லேசானது. லிப்ட் குழி வழியாக மேலே ஏறிக் கசியும். அந்த இடத்தை நிரப்ப, கீழ்வாசலில் குளிர்காற்று உள்ளே இழுக்கப்படும்.

வெளியே மைனஸ் 20, உள்ளே 21 டிகிரி என்றால், மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1.9 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும். 1,609 மீட்டருக்கு 3,000-க்கும் மேல். அதில் பாதி வாசலில், பாதி உச்சியில். இரண்டு சதுர மீட்டர்க் கதவின் மேல் வாசலில் விழும் விசை 300 கிலோவுக்கும் அதிகம். கைப்பிடியில் இழுப்பவருக்கு 150 கிலோ. யாராலும் திறக்க முடியாது. திறந்தாலும் மூட முடியாது.

சுழற்கதவு இதற்கென்றே பிறந்தது. பிலடெல்பியாவின் தியோஃபிலஸ் வான் கேனல் 1888-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் இங்கே அது மட்டும் போதாது. குழிகளை 50, 60 மாடிக்கு ஒருமுறை துண்டாக்க வேண்டும், ஸ்கை லாபி இதற்கும் உதவும். ஒவ்வொரு லிப்ட் முன்கூடத்துக்கும் கதவு போட்டு அடைக்க வேண்டும். ஒரு துண்டில் கதவு பழுதாகித் திறந்தே கிடந்தால் அழுத்தம் முழுவதும் அடுத்த கதவில் போய் ஏறும். லிப்ட் கதவுகள் சட்டத்தில் அழுந்தி மூடாமல் நிற்கும். உங்கள் கட்டடத்து ஊளைக்கும் இதே வைத்தியம்தான்: மாடிப்படிக் கதவுகள் தானாக மூடுகின்றனவா, மொட்டைமாடிக் கதவின் ரப்பர் விளிம்பு நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கசிவை மேலே அடைத்தால்தான் கீழே இழுப்பது குறையும்.

கே: தண்ணீர் எப்படி ஏறும்? கழிவு அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் குழாய் உடையாதா? (ஈரோட்டிலிருந்து ஒரு பிளம்பர்)

ப: ஒரே பம்பில் ஏற்றினால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ அழுத்தம். சாதாரணக் குழாயும் வால்வும் 10 முதல் 16 கிலோவுக்கு உள்ளானவை. எனவே 150 மீட்டருக்கு ஒரு தொட்டி, ஒரு பம்பு அறை என்று பத்துப் பதினொரு கட்டமாக ஏற்ற வேண்டும். ஆளுக்கு 50 லிட்டர் என்றாலும் நாளுக்கு 50 லட்சம் லிட்டர். ஒரு கட்டத்தில் பம்பு நின்றால் மேலே உள்ள எல்லாக் கட்டமும் வறண்டுவிடும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் மாற்றுப் பம்பு கட்டாயம். மின்சாரம் திடீரென்று நிற்கும்போது ஏறிக்கொண்டிருந்த நீர் திரும்பி அறைந்து, நீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் ரிட்டர்ன் வால்வை உடைப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே அந்தத் தாக்கம் பலமடங்கு.

கழிவு விழும் வேகத்தைப் பற்றிய பயம் வேண்டாம். செங்குத்துக் குழாயில் நீர் சுவரை ஒட்டிப் படலமாக வழிகிறது. சில மாடிகளுக்குள் நொடிக்கு நான்கைந்து மீட்டரில் வேகம் நிலைத்துவிடும், அதற்குமேல் ஏறாது. உண்மையான தொல்லை காற்று. விழும் நீர் குழாய்க் காற்றை இழுத்துக்கொண்டு போவதால், நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாயான டிராப்பில் நிற்கும் 50 மில்லிமீட்டர் நீரும் உறிஞ்சப்பட்டு, சாக்கடை நாற்றம் அறைக்குள் வரும். தனிக் காற்றுக் குழாயும், இடையிடையே இணைப்பும் கொடுத்தால்தான் தீரும்.

கே: தீப்பிடித்தால்? (தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி)

ப: பத்தடி மாடிக்கு 18 படி, 528 மாடிக்கு 9,500 படி. கூட்டமே இல்லாமல் மாடிக்கு 15 நொடியில் இறங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். நாலடிக்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள ஒரு படிக்கட்டில் நொடிக்கு ஒருவர்தான் இறங்க முடியும். நான்கு படிக்கட்டு இருந்தால் ஒரு லட்சம் பேருக்கு ஏழு மணி நேரம். எல்லோரையும் படிவழியே இறக்கிவிடுவது என்ற வழியே இங்கே கிடையாது. புகை நுழையாதபடி காற்று அழுத்தம் கொடுத்த அடைக்கல மாடிகள் வேண்டும், அங்கிருந்து தீக்காப்பு லிப்டில் இறக்க வேண்டும். புர்ஜ் கலீஃபாவில் சுமார் 25 மாடிக்கு ஒன்று என்று அப்படி இடங்கள் வைத்திருக்கிறார்கள். ரைட்டின் திட்டத்தில் எங்களுக்குக் கவலை தரும் முதல் விஷயம் இதுதான்.

கே: 15,000 கார்? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

ப: வழியும் சேர்த்துக் காருக்கு 300 சதுர அடி, 45 லட்சம் சதுர அடி. நிறுத்திவிடலாம். மாலையில் வெளியே எடுப்பதுதான் முடியாது. ஒரு தடத்தில் மணிக்கு 600 கார் வெளியேறும் என்றால், ஒரு மணி நேரத்தில் காலியாக 25 தடம் வேண்டும்.

கே: புர்ஜ் கலீஃபா இதன் நகல் என்கிறார்களே? (துபாயிலிருந்து ஒரு வாசகர்)

ப: மூன்று கால், மேலே குறுகும் வடிவம், இரண்டும் ஒத்துப்போகின்றன. வடிவமைத்த ஏட்ரியன் ஸ்மித்தும் பொறியாளர் பில் பேக்கரும் சிகாகோ கட்டடக்கலை நிறுவனமான எஸ்.ஓ.எம்.மில் இருந்தவர்கள். ஆனால் உள்ளே இருக்கும் எலும்பு வேறு. புர்ஜில் நடுவே அறுகோணத் தண்டு முறுக்கைத் தாங்குகிறது. மூன்று இறக்கைகளின் நடைபாதைச் சுவர்கள் அதற்கு முட்டுக்கொடுக்கின்றன. ஒரு பக்கக் காற்றை மற்ற இரு இறக்கைகள் தாங்கும். ரைட் வேரை நம்பினார், இவர்கள் தோளை நம்பினார்கள். அஸ்திவாரமும் ஆணிவேர் அல்ல: ஒன்றரை மீட்டர் விட்டத்தில், 43 மீட்டர் நீளத்தில் 190-க்கும் மேற்பட்ட பைல்கள், மேலே 3.7 மீட்டர் கன ராஃப்ட். கான்கிரீட்டை 606 மீட்டர் உயரம்வரை பம்பு செய்தார்கள். வெயிலில் இறுகாமல் இருக்க இரவில், ஐஸ் கலந்து ஊற்றினார்கள். 828 மீட்டர்; 2010 ஜனவரி 4-ல் திறப்பு. மைலில் பாதியைச் சற்றே தாண்டியிருக்கிறது.

கே: இதுபோல நின்றுபோன வேறு கட்டடங்கள்? (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

ப: அதே சிகாகோவில் சான்டியாகோ கலட்ராவா வடிவமைத்த சிகாகோ ஸ்பயர், 610 மீட்டர். 2007-ல் தொடங்கி, 2008 நிதி நெருக்கடியில் நின்றது. மிஞ்சியது 104 அடி விட்டமும் 76 அடி ஆழமும் கொண்ட ஒரு வட்டப் பள்ளம். சீனாவின் சாங்ஷா நகரில் 838 மீட்டர் ‘ஸ்கை சிட்டி’க்கு 2013-ல் பூமி பூஜைபோல ஒரு தொடக்க விழா நடந்தது, வேலை அதோடு சரி. மாஸ்கோவில் 415 மீட்டர் சோவியத் மாளிகைக்கு அஸ்திவாரமும் கீழ்ப்பகுதி இரும்புச் சட்டமும் எழுந்தன. போர் வந்ததும் இரும்பைக் கழற்றி வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பின்னர் அந்த அஸ்திவாரம் திறந்தவெளி நீச்சல்குளம் ஆனது.

சவூதியின் ஜித்தா டவரும் முதலில் ஒரு மைல் என்றே பேசப்பட்டு, பிறகு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று இறங்கிவந்தது. அதன் வடிவமும் மூன்று கால் கொண்டதுதான். 2018-ல் நின்று, 2025-ல் வேலை மீண்டும் தொடங்கியிருக்கிறது.

கே: ரைட்டின் மூலப் படத்தைப் பார்க்க முடியுமா? (புதுச்சேரியிலிருந்து ஒரு ஓவிய ஆசிரியர்)

ப: அவருடைய ஆவணங்கள் 2012 முதல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்திடமும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்திடமும் கூட்டாக இருக்கின்றன, 2017-ல், ரைட்டின் 150-ஆம் ஆண்டில், கண்காட்சி வைத்தார்கள். வாய்ப்புக் கிடைத்தால் கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஓரத்தில் எழுத்துகள் இருக்கும். தனக்கு முன்னோடிகள் என்று ரைட் கருதியவர்களின் பெயர்கள்: குருநாதர் லூயி சல்லிவன், புரூக்ளின் பாலத்தின் ரோப்ளிங், கம்பிக் கான்கிரீட்டைத் தந்த கொய்னே, மொனியே. அவர்களோடு பாதுகாப்பான லிப்டைத் தந்த எலிஷா ஓட்டிஸும் உண்டு. அவரை ரைட் ‘நிமிர்த்திவைத்த தெருவைக் கண்டுபிடித்தவர்’ என்று குறிப்பிட்டிருக்கிறார்.